குதிரை லாயத்தில் ஒரு படை: நாட்குறிப்பு

2025 ஜனவரி 12, ஞாயிறு

முதல் கடிதம் 1942 டிசம்பரில், அயோவா மாநிலத்தின் டி மொய்ன் கோட்டையிலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர், அமெரிக்க இராணுவத்தின் பெண்கள் துணைப்படையில் புதிதாகச் சேர்ந்தவர்; மொன்டானா மாநிலத்தின் வடகிழக்கில் கிளாஸ்கோ என்னும் சிற்றூருக்கு வடக்கே, அரசு குடியேற்றத்துக்கென வழங்கிய வறண்ட நிலத்தில் பிறந்து வளர்ந்த இருபத்திரண்டு வயதுப் பெண். கடிதம் அவருடைய தாயாருக்கு. கடிதங்கள் அடங்கிய பெட்டியை என்னிடம் தந்தவர், எழுதியவரின் மகள். எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கடிதங்களைத் தட்டச்சு செய்து தரும்படி கேட்டவர், இங்கே குறிப்பு எழுதிக்கொள்ளவும் அனுமதித்தார். பெயர்களை வெளியிடுவதில்லை என்பது எங்களுக்குள் பேச்சு. ஆகவே இந்தக் குறிப்புகளில் எழுதியவர் ‘மகள்’, பெற்றவர் ‘தாய்’, பெட்டியின் உரிமையாளர் ‘ஆசிரியை’ என்றே வருவார்கள்.

போர்க்காலக் கடிதம் என்பதால் நாட்டுப்பற்றையோ அச்சத்தையோ எதிர்பார்த்துப் பிரித்தேன். முதல் கடிதம் முழுவதும் வசதிகளைப் பற்றியது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. சுவரிலுள்ள விசையைத் தட்டினால் விளக்கு எரிகிறது. காலையில் முட்டை உண்டு, இன்னொன்று கேட்டாலும் முகம் கோணாமல் வைக்கிறார்கள். தங்கியிருக்கும் இடம் பழைய குதிரை லாயம். குதிரைகள் கட்டியிருந்த இடங்களில் இப்போது கட்டில்கள் வரிசையாகக் கிடக்கின்றன, ஈரமான நாட்களில் பழைய வாடை மேலே எழுகிறது, நகரத்திலிருந்து வந்த பெண்கள் மூக்கைப் பொத்துகிறார்கள், தனக்கோ அந்த வாடையில் நல்ல உறக்கம் வருகிறது என்று எழுதியிருக்கிறார்.

அமெரிக்காவில் 1930களின் நடுப்பகுதியில் பத்துப் பண்ணை வீடுகளில் ஏறத்தாழ ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. கிராமப்புற மின்வசதிக்கென்று 1935இல் தனி நிர்வாகம் ஏற்படுத்திய பிறகும், மொன்டானாவின் தொலைதூரப் பண்ணைகளுக்குக் கம்பி போய்ச் சேரப் போர் முடிய வேண்டியிருந்தது. இராணுவம் கடுமையான வாழ்க்கை என்று எண்ணும் நமக்கு, அங்கே சேர்ந்த பிறகுதான் ஒரு பெண்ணுக்கு ஓய்வு என்பதே கிடைத்தது என்று படிப்பது விந்தையாக இருக்கிறது.

2025 ஜனவரி 19, ஞாயிறு

வெளியே தலைகாட்ட முடியாத குளிர். ஆசிரியை வீட்டுக்குப் போகவில்லை. தொலைபேசியில் அவருடைய பாட்டியைப் பற்றி, அதாவது கடிதங்களைப் பெற்ற ‘தாய்’ பற்றி, நீண்ட நேரம் பேசினோம்.

ஹோம்ஸ்டெட் சட்டம் 1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்டது. 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ, சிறு கட்டணம் கட்டி, அரசு நிலத்தில் 160 ஏக்கரைத் தமக்கெனப் பதிவு செய்துகொள்ளலாம். ஐந்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, வீடு கட்டி, உழுது பயிரிட்டுக் காட்டினால் பட்டா கிடைக்கும். இந்தச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு கூறு, திருமணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தம் பெயரிலேயே, ஓர் ஆணுக்குரிய அதே நிபந்தனைகளில் நிலம் கேட்க முடிந்தது என்பதாகும். கணவனோடு வாழும் பெண்ணுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. அவள் கணவனின் குடும்பத்தில் அடக்கம்.

மழை குறைந்த மேற்கு மாநிலங்களில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதாது என்று கண்டபின் 1909இல் அதை 320 ஆக்கினார்கள். 1912இல் ஐந்து ஆண்டுகளை மூன்றாகக் குறைத்தார்கள். இந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்துதான் மொன்டானாவுக்குக் கூட்டத்தை இழுத்தன. ஜேம்ஸ் ஹில்லின் கிரேட் நார்தர்ன் இரயில்வே செய்த விளம்பரமும் சேர்ந்துகொண்டது. ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று அந்தக் காலத்தில் படித்தவர்கள்கூட நம்பினார்கள். நிலத்தை விற்பவனும் இரயில் சீட்டு விற்பவனும் அதை நம்ப வைப்பதில் இலாபம் கண்டார்கள் என்பது என் கருத்து.

தாய், மினசோட்டாவில் நார்வேக் குடும்பமொன்றில் பிறந்து, பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். 1913இல், இருபத்து மூன்றாவது வயதில், தனியாக இரயிலேறி வந்து கிளாஸ்கோ நில அலுவலகத்தில் 320 ஏக்கருக்குப் பதிவு செய்தார். மொன்டானாவில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1914 நவம்பரில். வாக்குச் சீட்டுக்குத் தகுதியில்லாத காலத்திலேயே அவர் கையில் நிலப் பதிவுச் சீட்டு இருந்தது.

2025 ஜனவரி 25, சனி

பட்டாவைக் கண்டுபிடித்துவிட்டோம். அமெரிக்க நில மேலாண்மைத் துறை பழைய பட்டாக்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. மாநிலம், மாவட்டம், பெயர் ஆகிய மூன்றையும் கொடுத்தால் ஆவணத்தின் படமே வருகிறது. 1916ஆம் ஆண்டு. அதிபர் வுட்ரோ வில்சனின் பெயர் போட்டு, அவர் சார்பில் செயலர் ஒருவர் கையெழுத்திட்டது. அதன் நடுவே தாயின் கன்னிப்பெயர். ஆசிரியை அதைப் பெரிதாக்கிச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தம் பாட்டி திருமணத்துக்கு முன்பே பட்டாவை வாங்கிவிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்து, பக்கத்து நிலத்து இளைஞரை அந்த மூன்று ஆண்டுகளும் காக்க வைத்த கதையைச் சொன்னார்.

மூன்று ஆண்டுகளில் அவர் செய்தவை: பலகையடித்துத் தார்த்தாள் போர்த்திய ஓரறை வீடு, முள்கம்பி வேலி, சட்டம் கேட்ட எட்டில் ஒரு பங்கு உழவு, அதாவது 40 ஏக்கர். புல்வேர் பின்னிக் கிடந்த அந்த மண்ணைத் தனியொருத்தியாகப் புரட்ட முடியாது. கூலிக்கு ஏர் பிடித்தார். கூலி கொடுக்கக் குளிர்காலத்தில் பள்ளியில் பாடம் நடத்தினார். ஆண்டுக்கு ஐந்து மாதம் நிலத்தை விட்டுப் போயிருக்கலாம் என்று 1912ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது, அவரைப் போன்ற ஆசிரியைகளுக்குப் பெரும் வசதியாக இருந்தது.

இந்த நிலம் அதற்கு முன்பு யாருடையது என்ற கேள்வியைப் பட்டா எழுப்பவில்லை. நான் ஆசிரியையிடம் எழுப்பினேன். அவர் தயங்காமல் பதில் சொன்னார். அசினிபோயின், சூ உள்ளிட்ட பூர்வகுடி மக்களின் வேட்டை நிலமாக இருந்த பரந்த வடக்குப் பகுதியை 1888ஆம் ஆண்டு உடன்படிக்கை ஃபோர்ட் பெக், ஃபோர்ட் பெல்க்நாப், பிளாக்ஃபீட் என்னும் மூன்று ஒதுக்கீட்டுப் பகுதிகளாகச் சுருக்கிவிட்டு, எஞ்சியதை அரசு நிலமாக்கியது. 1913இல் ஃபோர்ட் பெக் ஒதுக்கீட்டுப் பகுதிக்குள்ளும் குடியேறிகளை விட்டார்கள். இலவச நிலம் என்ற சொல்லின் செலவை வேறொருவர் ஏற்கெனவே கொடுத்திருந்தார்.

2025 பிப்ரவரி 8, சனி

மகள் பிறந்தது 1920. அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை வந்த ஆண்டு. மொன்டானா விவசாயிகளுக்கு எல்லாம் போன ஆண்டு. 1917இல் தொடங்கிய வறட்சி ஆண்டுக்கு ஆண்டு முற்றியது. முதல் உலகப் போரின்போது ஒரு புஷல் (தானிய முகத்தல் அளவை) 2 டாலருக்கு மேல் விற்ற கோதுமை, போர் முடிந்து ஓரிரு ஆண்டுகளில் பாதி விலைக்கு இறங்கியது. நல்ல விலை இருந்தபோது கடன் வாங்கி இயந்திரம் வாங்கியவர்கள் இயந்திரத்தையும் நிலத்தையும் சேர்த்து இழந்தார்கள். 1920களில் அந்த மாநிலத்து வங்கிகளில் ஏறத்தாழ பாதி மூடப்பட்டன. அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாநிலம் மொன்டானாதான்.

இந்தக் குடும்பம் போகவில்லை. தாயின் 320 ஏக்கரும் தந்தையின் 320 ஏக்கரும் சேர்ந்திருந்தன என்பதும், தாய் விலைவாசி நன்றாக இருந்தபோது கடன் வாங்க மறுத்தார் என்பதும் காரணங்கள். 1930களின் வெட்டுக்கிளிகளுக்குப் பிறகு நிலத்தில் எதுவும் மிஞ்சாத நிலையில், தந்தை ஃபோர்ட் பெக் அணைக்கட்டு வேலைக்குப் போனார். மிசூரி ஆற்றின் குறுக்கே 1933இல் தொடங்கிய அந்த மண்ணணையில் 1936 கோடையில் 10,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். ‘லைஃப்’ இதழ் 1936 நவம்பர் 23 அன்று படச்செய்தி இதழாக வெளிவந்தபோது முதல் அட்டையில் இருந்தது அந்த அணையின் காங்கிரீட் தூண்கள்தாம். படமெடுத்தவர் மார்கரெட் பர்க்-வைட். குடும்பத்திடம் அந்த இதழ் இருந்ததாம், பிறகு யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லையாம்.

தந்தை அணையில் இருந்த ஆண்டுகளில் நிலத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் தாயும் மகளும், மகளைவிட நான்கு வயது இளைய தம்பியும். பதினான்கு வயதில் மகள் நான்கு குதிரை பூட்டிய விதைப்பு இயந்திரத்தை ஓட்டினார். பழைய ஃபோர்டு மாடல் டி வண்டியை மைனஸ் குளிரில் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பவும், அது கிளம்பாத நாட்களில் பிரித்துப் பார்க்கவும் கற்றுக்கொண்டார். இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடிதங்களில் அவர் ஒரு முறை சொல்கிறார்.

2025 பிப்ரவரி 16, ஞாயிறு

இராணுவத்தில் பெண்களைச் சேர்க்கும் மசோதாவை மாசசூசெட்சின் காங்கிரஸ் உறுப்பினர் எடித் நூர்ஸ் ராஜர்ஸ் 1941 மே மாதம் கொண்டுவந்தார். அது ஓராண்டு இழுத்தடிக்கப்பட்டு, பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு வேகம் பெற்று, 1942 மே 15 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திடச் சட்டமாயிற்று. டெக்சாஸைச் சேர்ந்த ஒவெட்டா கல்ப் ஹாபி இயக்குநர் ஆனார். சேர்பவருக்கு 21 முதல் 45 வயது.

சட்டத்தின் சூட்சுமம் அதன் பெயரிலேயே இருந்தது: பெண்கள் இராணுவத் துணைப்படை. இந்தப் பெண்கள் இராணுவத்தோடு பணியாற்றுவார்கள். இராணுவத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். சீருடையும் பயிற்சியும் கட்டுப்பாடும் உண்டு. ஆனால் அரசின் ஆயுள் காப்பீடு இல்லை, படைவீரர் மருத்துவமனையில் இடமில்லை, இறந்தால் குடும்பத்துக்குத் தொகை இல்லை, எதிரியிடம் சிக்கினால் போர்க் கைதிகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கைகளின் காப்பும் இல்லை. சம்பளத்தை மட்டும் 1942 அக்டோபரில் ஆண்களுக்குச் சமமாக்கினார்கள். கடைநிலையில் மாதம் 50 டாலர்.

தாயின் பட்டாவை எண்ணிப் பார்க்கிறேன். 1913இல் ஓர் எழுத்தர் அவரிடம் வயதையும் திருமண நிலையையும் கேட்டுவிட்டு, ஓர் ஆணுக்கு எழுதிக் கொடுத்ததையே எழுதிக் கொடுத்தார். ஒரு தலைமுறை கழித்து அவர் மகள் நாட்டுக்காகச் சேரப் போனபோது, அரசு ‘துணை’ என்ற சொல்லை முன்னால் வைத்தது. நிலம் வெற்றாகக் கிடந்தபோது யார் உழுதாலும் சரி என்றிருந்த நாடு, துப்பாக்கி சம்பந்தப்பட்டவுடன் கணக்குப் பார்க்கத் தொடங்கியது.

வேடிக்கை என்னவென்றால், ‘ஓர் ஆணைப் போர்முனைக்கு விடுவியுங்கள்’ என்பது ஆள்சேர்ப்பு முழக்கமாக இருந்த அந்த மாதங்களில், இந்தக் குடும்பத்தில் நடந்தது நேர்மாறானது. 1942 நவம்பரில் வந்த டைடிங்ஸ் திருத்தம், விவசாயத்துக்கு இன்றியமையாத ஆட்களைக் கட்டாயப் படைச்சேர்ப்பிலிருந்து ஒத்திவைக்க வழிசெய்தது. தம்பி பண்ணையில் தங்கினான். அக்காள் இராணுவத்துக்குப் போனாள். தந்தை இதை விரும்பவில்லை. ஊரார் என்ன சொல்வார்கள் என்பதே அவருக்குப் பெருங்கவலையாக இருந்திருக்கிறது. தாய் எதுவும் சொல்லாமல் இரயில் கட்டணத்துக்கு முட்டை விற்ற காசைக் கொடுத்தாராம்.

மொன்டானாவைப் பற்றிப் பேசும்போது ஜெனட் ராங்கினை விட்டுவிட முடியாது. அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். 1917இல் முதல் உலகப் போருக்கு எதிராக வாக்களித்தவர்களில் ஒருவர். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் மீதான போர் அறிவிப்புக்கு எதிராக வாக்களித்த ஒரே உறுப்பினர். தந்தை ராங்கினுக்கு வாக்களித்தவர், மகள் படையில் சேர்ந்தவர். ஒரே சாப்பாட்டு மேசை.

2025 பிப்ரவரி 22, சனி

ஆசிரியையும் நானும் கோட்டைக்குப் போய்வந்தோம். எங்கள் டி மொய்ன் நகரின் தெற்கே, பிளாங்க் பார்க் விலங்குக் காட்சிச்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது; காட்சிச்சாலைக்குப் போகும் எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரைப்படைக்கென்று கட்டியது. பழைய கட்டடங்களில் சில மட்டும் நிற்கின்றன. அணிவகுப்புத் திடலின் வடிவம் பனிக்கடியிலும் தெரிகிறது.

1942 ஜூலை 20 அன்று முதல் அதிகாரிப் பயிற்சி வகுப்பு 440 பெண்களுடன் இங்கே தொடங்கியது. அதில் 40 இடங்கள் கறுப்பினப் பெண்களுக்கு. பாடம் ஒன்றாக, உணவு மேசையும் படுக்கையும் தனித்தனியாக. கறுப்பின அதிகாரிகளுக்கென்று 1917இல் நடந்த பயிற்சி முகாமும் இதே கோட்டையில்தான். அந்த அக்டோபரில் 639 பேர் அதிகாரிகளாக வெளியேறினார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதே திடலில் தனி மேசை. அந்த முதல் வகுப்பில் பயின்ற சாரிட்டி ஆடம்ஸ், 1945இல் 6888ஆம் மத்திய அஞ்சல் பட்டாளத்தின் 855 பெண்களுக்குத் தலைமை தாங்கி இங்கிலாந்தின் பர்மிங்காமில் மாதக்கணக்காகத் தேங்கிக் கிடந்த படைவீரர் அஞ்சலைப் பிரித்து அனுப்பி முடித்தார். அந்தப் பட்டாளத்துக்குக் காங்கிரசின் தங்கப் பதக்கம் வழங்கும் சட்டம் 2022இல்தான் வந்தது. மகளின் கடிதங்களில் இந்தத் தனி மேசைகளைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது, அதுவும் வியப்பாக. அவர் அதற்கு முன்பு கறுப்பினத்தவர் எவரையும் பார்த்ததில்லை. கூடுதலாக எழுதியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, ஆசிரியைக்கும் தோன்றியது.

அந்த 1942-43 குளிர்காலத்தில் ஆட்கள் வந்த வேகத்துக்குச் சீருடை வரவில்லை. பெண்களுக்கு ஆண்களின் பெரிய மேலங்கிகளைக் கொடுத்தார்கள். கை விரல்கள் கைப்பகுதிக்குள் மறைந்துபோக, கீழ்விளிம்பு பனியில் புரள, அணிவகுத்தார்கள். அப்பாவின் அங்கியைப் போட்டுக்கொண்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை என்கிறார் மகள், வைக்கோல் போடும்போது எவரும் காலை மாற்றி வைக்கச் சொல்லிக் கத்தமாட்டார்கள் என்பதைத் தவிர.

2025 மார்ச் 2, ஞாயிறு

இன்று சில கடிதங்களே முடிந்தன. பயிற்சி முடிந்ததும் என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் தட்டச்சு என்றார்கள்; மகள் குதிரை, ஏர், மாடல் டி என்றார். கோட்டையிலேயே இருந்த மோட்டார் போக்குவரத்துப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். இரண்டரை டன் லாரியின் கிளட்சைப் பற்றி அவர் எழுதியிருக்கும் இரண்டு பக்கத்தைத் தட்டச்சு செய்ய எனக்கு ஒரு மணி நேரமாயிற்று. அதை வெட்டாமல் வைக்கும்படி ஆசிரியை கேட்டுக்கொண்டார்.

அதே மொன்டானாவின் மேற்கே, ஹார்ட் பியூட் என்னும் ஊரில், பிளாக்ஃபீட் இனத்தைச் சேர்ந்த மின்னி ஸ்பாட்டட் வுல்ஃப் என்பவர் தந்தையின் பண்ணையில் வேலிக்கம்பம் வெட்டி, லாரி ஓட்டி, குதிரை பழக்கியவர். 1943 ஜூலையில் கடற்படைத் துருப்புகளின் பெண்கள் பிரிவில் சேர்ந்த முதல் பூர்வகுடிப் பெண் அவர். பயிற்சி கடினம்தான், ஆனால் அவ்வளவு கடினமில்லை என்ற பொருளில் பின்னர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. குடியேறியின் மகளும், குடியேற்றத்தால் நிலம் இழந்த இனத்தின் மகளும், பயிற்சியாளர்களுக்கு ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள்.

2025 மார்ச் 9, ஞாயிறு

1943ஆம் ஆண்டுக் கடிதங்கள் டெக்சாஸின் ஒரு விமானத் தளத்திலிருந்து வருகின்றன, தொனி மாறிவிட்டது. அந்த ஆண்டு வசந்தத்திலும் கோடையிலும் பெண்கள் படையைப் பற்றிய அவதூறு நாடு முழுவதும் பரவியது. ஒழுக்கம் கெட்டவர்கள், சிப்பாய்களின் பொழுதுபோக்குக்காகச் சேர்க்கப்பட்டவர்கள், கூட்டம் கூட்டமாகக் கருவுற்றுத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் என்றெல்லாம் பேச்சு. ஜூன் மாதம் பத்திரிகைப் பத்தி ஒன்று, இராணுவமே இப்பெண்களுக்குக் கருத்தடைச் சாதனம் வழங்கப்போவதாக எழுதியது. போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சனே முன்வந்து மறுத்தார். எதிரியின் உளவுப் பரப்புரையாக இருக்குமோ என்று இராணுவப் புலனாய்வும் எஃப்பிஐயும் விசாரித்தபோது, வதந்தியின் ஊற்று பெரும்பாலும் சொந்த நாட்டுச் சிப்பாய்களும் அதிகாரிகளும்தாம் என்று தெரிந்தது. ஒவ்வொரு பெண்ணும் ஓர் ஆணைப் போர்முனைக்கு விடுவிப்பாள் என்றால், விடுவிக்கப்படப் போகிற ஆணுக்கு அவள்மேல் ஏன் பாசம் வரும்? அந்த முழக்கத்தை எழுதியவர்கள் இதை எண்ணிப் பார்க்கவில்லை.

வதந்தி கிளாஸ்கோ வரை போனது. தந்தையின் கடிதம் பெட்டியில் இல்லை. மகளின் பதிலிலிருந்து அதன் சாரத்தை ஊகிக்க முடிகிறது. வீட்டுக்கு வந்துவிடு என்று எழுதியிருக்கிறார். காலமும் அதற்கேற்ப வாய்த்தது. ஜூலை 1 அன்று கையெழுத்தான புதிய சட்டம் ‘துணை’ என்ற சொல்லை நீக்கி, பெண்கள் படையை இராணுவத்தின் முழு அங்கமாக்கியது. செப்டம்பர் இறுதிக்குள் ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்க வேண்டும்: புதிய உறுதிமொழி எடுத்து முறையான சிப்பாயாகத் தொடரலாம், அல்லது மரியாதையோடு வீடு திரும்பலாம். ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் தங்கினார்கள்.

மகள் தங்கினார். தந்தைக்கு எழுதிய பதில் இந்தப் பெட்டியிலேயே மிக நீளமான கடிதம். கோபம் கொப்பளிக்கும், ஆனால் ஓர் இடத்திலும் மரியாதை தவறாத கடிதம். தாம் கெட்டுப்போக நேரமில்லாத அளவுக்கு நாளுக்குப் பத்து மணி நேரம் லாரி ஓட்டுவதாகவும், மாதம் 50 டாலரில் 30ஐ வீட்டுக்கு அனுப்புவதாகவும், அந்தப் பணத்தை ஊரார் யாராவது ஒழுக்கம் கெட்டது என்று திருப்பிக் கொடுக்கச் சொன்னார்களா என்று கேட்டுச் சொல்லும்படியும் எழுதியிருக்கிறார். கடிதத்தின் ஓரத்தில் தாயின் கையெழுத்தில், பென்சிலால், ‘படித்துக் காட்டினேன்’ என்று இருக்கிறது. தந்தைக்குப் படிக்கத் தெரியும். அப்படியிருந்தும் தாய் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்.

2025 மார்ச் 22, சனி

நியூ கினி. 1944இன் நடுவில் போர்ட் மோர்ஸ்பி, பிறகு ஹொலாண்டியா. தணிக்கைக் கத்தரி பட்ட கடிதங்கள். சில தாள்களில் சன்னல் போலத் துண்டுகள் வெட்டப்பட்டிருப்பதால் இரண்டு பக்கமும் பாதிப் பாதி வாக்கியம்தான் கிடைக்கிறது.

தென்மேற்குப் பசிபிக்கில் பணியாற்றிய ஏறத்தாழ 5,500 பெண்களில் பெரும்பாலோர் அலுவலக வேலையில் இருந்தார்கள். வாகனப் பிரிவில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர். சீருடை விநியோகம் இங்கும் கைவிட்டது. வெப்பக்காட்டுக்கு வந்தவர்களுக்குக் குளிர்ப்பகுதிக்குரிய கனத்த ஆடை. அது உடலில் ஒட்டித் தோலை அரித்தது. கொசுவைத் தடுக்க முழுக்காற்சட்டை தேவைப்பட்ட இடத்தில் போதுமான மெல்லிய காற்சட்டைகள் இல்லை. மலேரியாவுக்கு அட்டாபிரின் மாத்திரை; தோல் மஞ்சளாகிவிடும். உடல்நலக் காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களின் விகிதம் ஆயிரத்துக்கு 98ஆக இருந்தது 267 வரை ஏறியது. வேலை நேரம் தவிர மற்ற நேரங்களில் முள்கம்பி வேலிக்குள், ஆயுதக் காவலுடன் வைத்திருந்தார்கள். தங்கள் நாட்டு ஆண்களிடமிருந்து பாதுகாக்க. அந்த வேலியைப் பற்றி மகள் நக்கலாக எழுதுகிறார்: தாம் இழுத்துக் கட்டிய வேலிகளில் மாடுகளுக்குக்கூட மேய்ச்சலுக்கு வாசல் இருந்தது.

இந்த இடத்தில் நம் பக்கத்துச் செய்தி ஒன்றைக் குறித்துவைக்கிறேன். சீனா-பர்மா-இந்தியா முனையில் பெண்களை ஏற்க ஜெனரல் ஸ்டில்வெல் விரும்பவில்லை. விமானப்படையின் ஜெனரல் ஸ்ட்ராட்டமேயர் கேட்டு வாங்கியதால் 1944இல் அமெரிக்கப் பெண் சிப்பாய்கள் கல்கத்தாவில் வேலை செய்தார்கள். இந்தியாவிலும் 1942இலேயே பெண்கள் துணைப்படை ஒன்றை ஆங்கிலேய அரசு தொடங்கியிருந்தது. எங்கும் அதே ‘துணை’.

2025 ஏப்ரல் 5, சனி

மணிலாவுக்குப் பெண்கள் படை 1945 மார்ச்சில் போய்ச் சேர்ந்தது. மகள் அங்கே அந்த ஆண்டு இறுதி வரை இருந்துவிட்டு, மலேரியாவோடு திரும்பினார். பண்ணையில் ஒரு கோடைகாலம் தங்கினார். அப்போது கடிதம் எழுதத் தேவையில்லை என்பதால் அந்தக் காலத்தைப் பற்றிப் பெட்டியில் எதுவும் இல்லை. ஆசிரியைக்குத் தெரிந்ததெல்லாம், கையிறைப்பானில் தண்ணீர் அடித்துத் தலையில் ஊற்றிக்கொண்ட முதல் நாளே, இங்கே இனி இருக்கப்போவதில்லை என்று தாயிடம் சொன்னார் என்பதுதான். தாய் வருத்தப்படவில்லையாம், தாமும் ஒரு காலத்தில் மினசோட்டாவில் யாரிடமோ அதையே சொல்லிவிட்டு வந்தவர்தானே.

1944 ஜூன் 22ஆம் தேதிச் சட்டம் திரும்பிய படைவீரர்களுக்குக் கல்லூரிச் செலவும் வீட்டுக்கடன் உத்தரவாதமும் அளித்தது. 1943இல் ‘துணை’ என்ற சொல் நீங்கியதால் பெண்களுக்கும் அது பொருந்தியது. அந்த உதவியில் அவர் போஸ்மன் நகரத்தில் கல்லூரியில் படித்தார், அயோவாக்காரர் ஒருவரை மணந்து டி மொய்னுக்கே குடிவந்தார். நிலத்தைத் தம்பி சில ஆண்டுகள் வைத்திருந்து, 1950களில் பக்கத்துப் பெரும்பண்ணைக்கு விற்றார்.

இன்று ஆசிரியையும் நானும் ஆர்லிங்டனில் உள்ள பெண் படைவீரர் நினைவகத்தின் பதிவேட்டுக்கு விண்ணப்பம் நிரப்பினோம். 1997இல் திறக்கப்பட்ட அந்த நினைவகம், பணியாற்றிய பெண்களின் பெயர், படம், பணிவிவரம் ஆகியவற்றைக் குடும்பத்தாரிடமிருந்து பெற்றுச் சேர்த்துவைக்கிறது. கடிதங்களின் மூலப்படிகள் ஹெலினாவிலுள்ள மொன்டானா வரலாற்றுக் கழகத்துக்குப் போக வேண்டும் என்பது என் யோசனை. ஆசிரியை முதலில் இவற்றையும் ஆர்லிங்டனுக்கே அனுப்ப எண்ணியிருந்தார். பட்டாவும் கடிதங்களும் ஒரே இடத்தில் இருந்தால்தான் படிப்பவருக்கு இரண்டும் விளங்கும் என்று வாதிட்டேன். ஒப்புக்கொண்டார், பட்டாவின் அச்சுப்படி ஒன்றையும் பெட்டியில் வைத்தோம்.

விண்ணப்பத்தில் பணி தொடங்கிய நாள் என்ற கட்டத்தில் நின்றுவிட்டோம். முறையான சிப்பாயாக உறுதிமொழி எடுத்தது 1943 ஆகஸ்ட். லாயத்தில் கட்டில் கிடைத்தது 1942 டிசம்பர். விடுவிப்புச் சான்றிதழில் 1943ஆம் ஆண்டுத் தேதிதான் முதன்மையாக இருக்கிறது. ஆசிரியை பேனாவை எடுத்து 1942 டிசம்பர் என்று எழுதினார். யாராவது கேட்டால் கடிதங்களைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்றார். தபால் திங்கட்கிழமை போகிறது.